ஓடிடியில் படம் ஏன் மறைகிறது, சந்தா எதற்குப் போகிறது, பழைய படத்தின் உரிமை யார் கையில்?

கேள்வி: மாடவீதி_ரசிகன்

வணக்கம். மூன்று சந்தேகங்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்று, போன மாதம் வரை இருந்த தமிழ்ப் படம் இப்போது அந்தத் தளத்தில் இல்லை. ஆனால் அதே படத்தின் தெலுங்கு டப்பிங் மட்டும் இருக்கிறது. சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அதே செயலியில் வேறு பட்டியல் வருகிறது. எப்படி?

இரண்டு, சந்தா கட்டிய பிறகும் விளம்பரம் வருவதும், சில படங்களுக்குத் தனியாக வாடகை கேட்பதும் ஏன்?

மூன்றாவதுதான் முக்கியம். 1998-ல் வெளியான ஒரு படம். தயாரிப்பாளர் காலமாகிவிட்டார். "சாட்டிலைட் உரிமை 99 வருடம்" என்று ஒரு டிவிக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் குடும்பத்தாரிடம் இருக்கிறது. அவர்கள் இப்போது ஓடிடிக்குக் கொடுக்க முடியுமா?

---

பதில் 1: ரீல்பெட்டி

முதல் கேள்விக்கு. தளம் படத்தை வாங்குவதில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு லைசென்ஸ் எடுக்கிறது. அந்த லைசென்ஸில் நான்கு விஷயம் தனித்தனியாக எழுதப்படும்: எந்த மொழி, எந்த நாடு, எத்தனை வருடம், எந்த முறை (சந்தா, விளம்பரம், வாடகை). தமிழ் மூலத்தை ஒருவரும் தெலுங்கு டப்பிங் உரிமையை வேறொருவரும் வைத்திருப்பது இங்கே சகஜம். தமிழுக்கான காலம் முடிந்து புதுப்பிக்கவில்லை என்றால் அன்று நள்ளிரவே அது பட்டியலிலிருந்து போய்விடும். தெலுங்குக்குத் தேதி வேறு, அதனால் அது நிற்கிறது.

நாடும் இப்படித்தான். வெளிநாட்டு உரிமையை விநியோகஸ்தர் ஒருவர் மொத்தமாக வாங்கி, நாடு வாரியாகப் பிரித்து விற்பார். தளம் உங்கள் ஐபி முகவரியைப் பார்த்துப் பட்டியலைக் காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் ஒரு சலுகை உண்டு: 2018 ஏப்ரல் 1 முதல், ஒன்றிய நாடு ஒன்றில் பணம் கட்டிச் சந்தா எடுத்தவர் இன்னொரு ஒன்றிய நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனாலும் தன் ஊர்ப் பட்டியலையே பார்க்கலாம். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. பிரிட்டனும் 2021 ஜனவரி 1 முதல் அதற்கு வெளியே. ஆக, பாரிஸில் இருப்பவர் பெர்லின் போனால் தொடர்ந்து பார்க்கலாம், சூரிச் போனால் அந்த உத்தரவாதம் இல்லை.

தியேட்டருக்கும் ஓடிடிக்கும் உள்ள இடைவெளியும் ஒப்பந்தத்தில் வரும் ஒரு வரிதான். தமிழில் பொதுவாக 4 வாரம். இந்திக்கு மல்டிபிளக்ஸ் நிறுவனங்கள் 8 வாரம் கேட்கின்றன. 4 வார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தமிழ்ப் படத்தின் இந்திப் பதிப்புக்கு வடக்கே பெரிய மல்டிபிளக்ஸ்களில் திரை கிடைக்காது. 2023-ல் 'லியோ'வுக்கு நடந்தது அதுதான். தயாரிப்பாளர் ஓடிடி பணமா, வடக்கு வசூலா என்று படப்பிடிப்பு முடிவதற்குள்ளேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. என் பார்வையில், நடுத்தர பட்ஜெட் படங்களை மிகவும் நெருக்குவது இந்த ஒரு வரிதான்.

---

பதில் 2: கணக்குநோட்டு

விலைக்கு வருகிறேன். சந்தா விலை படத்தின் அடக்கத்தை வைத்துப் போடப்படுவதில்லை. அந்த நாட்டில் எத்தனை பேர் எவ்வளவு கட்டுவார்கள் என்பதை வைத்துப் போடப்படுகிறது. நெட்பிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் மொபைல் திட்டத்தை 199-லிருந்து 149 ரூபாய்க்கும், பேசிக்கை 499-லிருந்து 199-க்கும், ஸ்டாண்டர்டை 649-லிருந்து 499-க்கும், பிரீமியத்தை 799-லிருந்து 649-க்கும் இறக்கியது. அதே நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஸ்டாண்டர்டை 17.99 டாலராக ஏற்றியது. படங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், வாங்கும் சக்தி வேறு.

நீங்கள் கட்டும் 199-ல் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கம். அதைக் கழித்தால் தளத்துக்கு நிற்பது 168.64. ஐபோன் செயலிக்குள்ளேயே சந்தா எடுத்தால் ஆப்பிளின் வழக்கமான கமிஷன் முதல் வருடம் 30 சதவீதம், பிறகு 15. சில தளங்கள் "இணையதளத்தில் போய்ச் சந்தா எடுங்கள்" என்பது இதனால்தான்.

இந்த வருமானம் போதாதபோது விளம்பரம் வருகிறது. பிரைம் வீடியோ இந்தியாவில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம் போட்டது. வேண்டாம் என்பவர்களுக்கு மாதம் 129 அல்லது வருடம் 699 ரூபாய் கூடுதல். வாடகைப் படம் தனிக் கணக்கு: சந்தா உரிமை அந்தப் படத்துக்கு இன்னும் விற்கப்படவில்லை, அல்லது விற்ற ஒப்பந்தத்தின் தேதி வரவில்லை என்று பொருள். அதுவரை ஒவ்வொரு வாடகையிலும் உரிமையாளருக்குப் பங்கு போகும். பிரைமில் வாடகைக்கு எடுத்தால் பார்க்கத் தொடங்க 30 நாள், தொடங்கிய பின் முடிக்க 48 மணி நேரம்.

உரிமையாளருக்குப் பணம் இரண்டு விதத்தில் வரும். ஒன்று மொத்தத் தொகை. கையெழுத்தின்போது ஒரு பங்கு, மெட்டீரியல் (தளத்துக்குக் கொடுக்கும் படத்தின் ஃபைல்) ஏற்கப்பட்டதும் ஒரு பங்கு, வெளியீட்டுக்குப் பின் மீதி என்று தவணையாக வரும். மற்றொன்று பார்க்கும் நேரத்துக்குக் காசு. இதில்தான் பழைய படக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஓர் உதாரணத்துக்கு மணிக்கு 4 ரூபாய் என்று வையுங்கள். இரண்டரை மணி நேரப் படத்தை 20,000 பேர் முழுதாகப் பார்த்தால் 2 லட்சம். ஆனால் சராசரியாக ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டால் 80,000தான். ஆகவே "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்ற எண்ணிக்கை மட்டும் வந்தால் போதாது, மொத்த நிமிடக் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை எழுத்தில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பேசிய தொகைக்கு மேலே ஜிஎஸ்டி தனி என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் "உள்ளடக்கம்" என்று சொல்லிவிடுவார்கள்.

---

பதில் 3: பிரிவு19

மூன்றாம் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. ஒப்பந்தத்தின் தேதியும் வாசகமும்தான் எல்லாம்.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இந்த 5 வருட விதியைக் காட்டி எல்லாப் பழைய ஒப்பந்தமும் செல்லாது என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். 1995 மே 10-க்கு முன் போட்டவற்றுக்கு அது பொருந்தாது. உங்கள் ஒப்பந்தம் அதற்குப் பிறகானது என்றாலும், காலம்தான் 99 வருடம் என்று எழுதியிருக்கிறதே. அங்கே 5 வருடம் உதவாது. ஆனால் இடம் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெளிநாட்டு உரிமை குடும்பத்திடமே இருக்கிறது என்று வாதிட வலுவான இடம் உண்டு.

99 வருடம் என்ற எண்ணைக் கண்டு மலைக்கவும் வேண்டாம். படத்தின் பதிப்புரிமையே வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம்தான். 1998-ல் வந்த படத்துக்கு 2058 டிசம்பர் 31-ல் முடிகிறது. பாடல் வரி, இசைக்கு இந்தக் கணக்கு இல்லை, எழுதியவர் வாழ்நாளும் மேலே 60 வருடமும்.

அடுத்தது முறை. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத, வணிகப் பயன்பாட்டுக்கு வராத முறைகளை, பெயர் சொல்லி எழுதினாலொழிய உரிமை மாற்றத்தில் சேர்க்க முடியாது என்ற திருத்தம் 2012 ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்தது. உங்களுடையது அதற்கு முந்தையது, எனவே அந்தத் திருத்தத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வாசகத்தில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள்: சாட்டிலைட், கேபிள், டிடிஎச், இன்டர்நெட், "இனி வரும் எல்லா முறைகளும்". கடைசிச் சொற்றொடர் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வழக்கே நிற்கும்.

---

மாடவீதி_ரசிகன்

மிக்க நன்றி சார். பார்த்துவிட்டேன். "சாட்டிலைட், கேபிள் மற்றும் டெரஸ்ட்ரியல் ஒளிபரப்பு, இந்தியா முழுவதும்" என்று இருக்கிறது (டெரஸ்ட்ரியல் என்றால் ஆன்டெனாவில் வரும் தரைவழி ஒளிபரப்பு). இன்டர்நெட் என்ற சொல் எங்கும் இல்லை. "இனி வரும்" என்பதும் இல்லை.

---

பிரிவு19

நல்ல செய்தி. இணைய உரிமையும் வெளிநாடும் குடும்பத்திடம் இருப்பதாகக் கொண்டு வேலையைத் தொடங்கலாம். ஆனால் தளத்தின் வக்கீல் அவ்வளவில் திருப்தியாக மாட்டார், உரிமை கைமாறி வந்த வழியைத் தேதி வரிசையில் கேட்பார்.

முதலில் சென்சார் சான்றிதழ். அதில் விண்ணப்பதாரர், தயாரிப்பாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் தொடர் ஆரம்பிக்கும். பேனர் (தயாரிப்பு நிறுவனம்) பார்ட்னர்ஷிப் என்றால் வாரிசுச் சான்றிதழ் மட்டும் போதாது. பார்ட்னர்ஷிப் பத்திரமும் மற்றப் பங்குதாரர்களின் கையெழுத்தும் வேண்டும். பாதிப் பேச்சுவார்த்தைகள் முறிவது இங்கேதான்.

பிறகு ஃபைனான்ஸ். அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவர் ஃபிலிம் கழுவும் லேபுக்குக் கடிதம் எழுதி நெகட்டிவைப் பிடித்து வைப்பார். கடன் அடைந்திருக்கும், ஆனால் அந்தக் கடிதத்தை ரத்து செய்யும் லேப் கிளியரன்ஸ் வாங்காமலே விட்டிருப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கெல்லாம் மேல், வக்கீல் மூலம் நாளிதழில் பொது அறிவிப்பு. படத்தின் பெயர், சென்சார் சான்றிதழ் எண், விற்கப்போகும் உரிமை, ஆட்சேபம் சொல்ல 15 நாள். யாராவது பழைய ஒப்பந்தத்தோடு வருவதாக இருந்தால் இப்போதே வரட்டும், பணம் வாங்கிய பிறகு வந்தால் தளம் நஷ்டஈட்டைக் குடும்பத்திடம்தான் கேட்கும். அந்த டிவியிடமிருந்து இணைய உரிமை தங்களிடம் இல்லை என்று ஒரு தடையில்லாக் கடிதம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

---

ரீல்பெட்டி

மெட்டீரியல் பற்றி ஒன்று. குடும்பத்திடம் இருப்பது டிவிக்குக் கொடுத்த பழைய பீட்டா வீடியோ டேப்பின் நகல் என்றால் பெரும்பாலும் தளம் ஏற்காது. அசைவில் சீப்புப் பல் போல இன்டர்லேஸ் கோடுகள் விழும், ஓரங்கள் வெட்டியிருக்கும், ஒளிபரப்பிலிருந்து எடுத்ததென்றால் லோகோவும் இருக்கும். நெகட்டிவ் கிடைத்தால் குறைந்தது 2கே ஸ்கேன், புரோரெஸ் 422 ஹெச்க்யூ (உயர்தர வீடியோ வகை) ஃபைல், நொடிக்கு 24 பிரேம். ஒலி நெகட்டிவைத் தனியாகக் கேளுங்கள், பல இடங்களில் பட நெகட்டிவ் மட்டும் பத்திரமாக இருந்து ஒலி வேறு பெட்டியில் தொலைந்திருக்கிறது. டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்காமல் ஸ்கேனை முதலில் முடித்துவிடுங்கள்.