சூலூர்பேட்டையிலிருந்து திரும்பிய பெட்டை

மார்கழி பிறந்துவிட்டால் காலையில் கூண்டைத் திறப்பதற்கு முன் எதிர்த் தெரு செல்போன் டவரை ஒரு தடவை பார்த்துவிடுவேன். உச்சிக் கம்பியில் புறாவை வேட்டையாடும் பைரிப் பறவை உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு எங்கள் பெரம்பூர் மாடியிலிருந்து ஒரு புறாவும் எழும்பாது. வடக்கே குளிர் கூடியதும் வலசை வரும் பைரி பங்குனி வாக்கில்தான் திரும்பும். சென்னையில் ஹோமர் பந்தயமும், அதாவது தூரத்தில் விட்டால் கூண்டுக்குத் திரும்பும் புறாக்களின் பந்தயமும், மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்குள், அதே மாதங்களில்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாதம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

பந்தயப் பயிற்சிக்காகக் கும்மிடிப்பூண்டியிலிருந்து கூட்டமாக விட்டபோது ஆறு இளம் புறாக்களும் ஒழுங்காக வந்தன. அடுத்தது சூலூர்பேட்டை, நேர்கோட்டில் சுமார் 65 கி.மீ. கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டே பழகிய புறா, நெல்லூர், ஓங்கோல் என்று தூரம் கூடும்போது சொந்தமாக வழி பிடிக்கத் திணறும். அதனால் தனித்தனியாக விட்டுப் பழக்குவோம். நானும் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விட்டேன். பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி. குளிர்காலத்தில் அங்கே நீர்ப்பறவைகள் குவியும், அவற்றைத் தேடிப் பைரியும் வரும். அது தெரிந்தும் விட்டேன்.

நான்கு புறாக்கள் ஒரு மணி நேரம் முன்னே பின்னே வந்து சேர்ந்தன. இரண்டு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் நீலப் பெட்டை கைப்பிடிச் சுவரில் வந்து இறங்கியது. நேரே தண்ணீர்த் தட்டுக்குப் போனது. குடிக்கக் குடிக்க, மார்பிலிருந்து தண்ணீர் சொட்டிக் கால் நனைகிறது. தூக்கிப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே இரை தங்கும் இரைப்பை கிழிந்து, வழியில் எங்கோ பொறுக்கித் தின்ற நெல்மணி ஒன்று வெளியே தெரிந்தது. கால்நடை மருத்துவர் இரைப்பையைத் தனியாகவும் மேல்தோலைத் தனியாகவும் இரண்டு அடுக்காகத் தைத்தார். சேர்த்துத் தைத்தால் மறுபடி ஒழுகும் என்றார். ஊறவைத்த பச்சைப்பயறைப் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டது. அப்புறம் அதைப் பந்தயத்துக்கு எடுக்கவே இல்லை. அதோடு போன ஆண் புறா இன்று வரை வரவில்லை.

இப்போதெல்லாம் தனியாக விடும் பழக்கத்தைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுகிறேன்.

*

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. எங்கள் ராயபுரத்தில் பைரியைவிட வல்லூறு என்ற சின்ன வேட்டைப் பறவைதான் தொல்லை. பைரி மேலேயிருந்து விழும். இது வேப்ப மரத்துக்குள் ஒளிந்திருந்து தாழப் பாயும். எங்களுக்குக் காக்காதான் காவல். காக்காக்கள் கூடிக் கத்தினால் போதும், புறாக்கள் இரை பொறுக்குவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும்.

போன மாதம் ஒரு வல்லூறு இளம் புறாவைத் துரத்திக்கொண்டு கூண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. துண்டைப் போட்டுப் பிடித்தேன். கையில் கனமே இல்லை, புறாவில் பாதி கூட இருக்காது. மஞ்சள் கண்ணால் முறைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கழுத்தைத் திருகச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை, மாடியிலிருந்தே விட்டுவிட்டேன். செய்தது சரியா?

*

சரிதான் தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பைரி, வல்லூறு எதைக் கொன்றாலும் குற்றம். கொன்றும் தீராது. 1940-இல் பிரிட்டனில் போர்ச் செய்திப் புறாக்களைக் காப்பாற்ற, பைரிகளை அழிக்கச் சொல்லி அரசே உத்தரவு போட்டது. நூற்றுக்கணக்கில் சுட்டார்கள். போர் முடிந்ததும் அவை திரும்பவும் பெருகின.

வேட்டை கிடைத்த இடத்துக்கு வல்லூறு மறுபடி வரும். ஒரு வாரம் கூண்டு திறக்கும் நேரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். அந்த இளம் புறா இப்போது வெளியே வருகிறதா? அடிபடாவிட்டாலும் மிரண்ட புறாவைப் பறக்க வைக்கக் கொடி காட்டி விரட்டாதீர்கள். என் பெட்டை தானாகக் கைப்பிடிச் சுவருக்கு வர நாற்பது நாள் ஆனது.