புதுப்பிப்பு: கேள்வி கேட்டால் மௌனமாகிவிடும் வகுப்பு

வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியராகப் பணியாற்றும் நான், ‘புரிந்ததா?’ என்றால் ஒன்றாகத் தலையசைத்துவிட்டு, தனித்தனியே கேட்டால் வாய் திறவாத மாணவர்களைப் பற்றி இங்கு எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

கேள்விக்குப் பின் குறைந்தது 3 நொடிகள் காத்திருந்து, மாணவர்கள் பக்கத்திலிருப்பவருடன் பேசிய பிறகே விடை கேட்கும்படி ஒருவர் கூறியதே பலன் தந்தது. (இக்காத்திருப்பின் பயனை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே பதிவுசெய்திருக்கிறார்.) தவறானாலும் அது இருவரின் விடை என்பதால் அச்சம் குறைந்தது. சீட்டு எடுத்துப் பெயர் சொல்லி அழைக்கும் முறையோ மௌனத்தைக் கூட்டியது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்பாராதது, அந்தப் பேச்சு முழுவதும் அவர்களுடைய தாய்மொழியிலேயே நடந்ததுதான். அதைத் தடுக்க வேண்டாம் என்று உள்ளூர் சக ஆசிரியர் கூறியதால், இறுதி விடையை மட்டும் ஆங்கிலத்தில் கேட்கிறேன். இரைச்சலைப் பற்றிப் பக்கத்து வகுப்பிலிருந்து வந்த முறையீட்டுக்கு இன்னும் தீர்வு கிடைக்கவில்லை.