ஓவிய ஃபில்டர் போட்டதும் அம்மாவின் கண் காணாமல் போனது

அலைகடல்:
போன மாதம் குடும்பத்தோடு ஒரு மலை ஏரிக்குப் போய் வந்தோம். எடுத்ததெல்லாம் நடுப்பகலில். வெளிறிக் கிடக்கிறது. ஆயில் பெயிண்டிங் ஃபில்டர் போட்டால் தேறும் என்று நினைத்து, போனில் ஒரு செயலியில் முயன்றேன். வானம் முழுக்கப் புழு நெளிகிற மாதிரி கோடுகள். படகோரம் நிற்கும் அம்மாவுக்கு ஒரு கண்ணையே காணவில்லை! பிறந்தநாளுக்கு 8×10 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டித் தர ஆசை. வழி உண்டா?

பழையலென்ஸ்:
ஒரு கேள்வி. அது கேமராவில் இருந்த படமா, யாரோ மெசேஜில் அனுப்பியதா? புழு நெளிவதைப் பார்த்தால் இரண்டாவது என்றுதான் படுகிறது. ஜேபெக் (போன் படங்களுக்கு வழக்கமான கோப்பு வடிவம்) படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்கும். மெசேஜில் போகும்போது நடப்பது போல அதிகம் சுருக்கினால் அந்தக் கட்ட ஓரங்கள் வானத்தில் லேசாகத் தெரியும். ஃபில்டர் அதையும் உருவத்தின் விளிம்பு என்று நம்பித் தீட்டிவிடும். ஒரிஜினலைத் தேடி எடுங்கள்.

கண் போனது அளவுக் கோளாறு. இந்த ஃபில்டர்கள் பெரும்பாலும் தூரிகையைப் பிக்சலில்தான் அளக்கும். 4000 பிக்சல் அகலப் படத்தில் 8 பிக்சல் இருக்கிற இடமே தெரியாது. அதையே 1000-க்குச் சுருக்கினால் அதே 8 ஒரு கண்ணை விழுங்கிவிடும். அதனால் முதலில் பிரிண்ட் அளவுக்குக் கொண்டுவாருங்கள்: அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 2400×3000. ஃபில்டர் அதற்கு அப்புறம்தான்.

நான் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் செய்வது இப்படி. லேயரை (படத்தின் அடுக்கை) இரண்டு நகல் எடுப்பேன். மேல் நகலில் ஆயிலிஃபை என்ற ஆயில் பெயிண்டிங் ஃபில்டர், ஆரம் (தூரிகை அளவு) 12. தண்ணீர், மலை எல்லாம் நன்றாகக் குழையும். கீழ் நகலில் ஆரம் 3. மேல் லேயருக்கு மாஸ்க் (கறுப்பு தடவிய இடத்தை மறைக்கும் திரை) போட்டு, முகத்தின் மேல் மட்டும் மென்மையான கறுப்புப் பிரஷ்ஷால் தடவினால் கீழே இருக்கும் நுணுக்கமான முகம் எட்டிப் பார்க்கும். முகத்தை அசல் போட்டோவாகவே விட்டுவிடாதீர்கள். சுவரொட்டியில் தலையை வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். நானே அப்படி ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டி, ஒரு வாரத்தில் கழற்றினேன்.

நிழல்கோடு:
வெளிறலை ஃபில்டர் சரி செய்யாது. முதலில் கர்வ்ஸில் (வெளிச்சம், இருட்டை மாற்றும் கருவி) நிழலை இறக்குங்கள். எனக்கு ஆயிலிஃபையை விடக் குவஹாரா என்ற ஃபில்டர் பிடிக்கும், கிம்ப்பில் சேர்த்துக்கொள்ளும் ஜிமிக் ப்ளகினில் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் நான்கு கட்டம் பார்த்து, எதில் நிறம் குறைவாக மாறுகிறதோ அதன் சராசரியை எடுக்கும். விளிம்பு கலையாது. 1976-ல் இதயத்தின் மருத்துவப் படங்களைத் துப்புரவாக்கச் செய்தது, ஓவியத்துக்காக இல்லை!

அலைகடல்:
மெசேஜில் வந்த படமேதான். அக்காவின் போனில் ஒரிஜினல் கிடைத்தது. வானம் இப்போது சுத்தம், படகின் உரிந்த பெயிண்ட் நிஜமாகவே தூரிகையால் இழுத்த மாதிரி இருக்கிறது. அக்காவிடம் காட்டினேன். "அம்மா நெற்றிச் சுருக்கம் எங்கடி?" என்றாள். ஆரத்தை 3-லிருந்து 2 ஆக்கிப் பார்க்கிறேன்.