பாம்புப் பெட்டிகளில் செள் புகுந்துவிட்டது: பலகை வீட்டில் எப்படி ஒழிப்பது?

லோரிப் பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்

வணக்கம். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பாம்பு வளர்ப்பது என் பைத்தியம். பதினொன்று இருக்கின்றன. ஏழு பால் பைத்தான் (பந்துபோலச் சுருளும் மலைப்பாம்பு), நான்கு கார்ன் ஸ்னேக். பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) உரிமம் எடுத்துத்தான் வைத்திருக்கிறேன், அதைக் கேட்டு யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம். (பால் பைத்தான் என்ற பெயரை ஒருநாள் அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அறை வாசலில் ஒரு கிண்ணம் பால். பூனை குடித்துக் கொழுக்கிறது.)

போன மாதம் ஈப்போவில் ஒரு கடையில் பெண் பைத்தான் ஒன்றை 350 வெள்ளிக்கு வாங்கினேன். புதிதாக வந்ததைத் தனி அறையில் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தனி அறைக்கு நான் எங்கே போவேன்? தாத்தா காலத்துத் தோட்டத்து வீடு, இரண்டே அறைகள். அதே அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

மூன்றாவது வாரம் அவள் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தாள். வெக்கை என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் எழவில்லை. தூக்கிப் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் கறுப்புத் துகள்கள், எள்ளில் கால்பங்குகூட இராது. வெள்ளைத் தட்டில் ஊற்றிக் கைப்பேசி விளக்கை அடித்தேன்; சிலவற்றுக்குக் கால்கள் அசைந்தன. என் மணிக்கட்டில் ஒன்று ஊர்ந்தது. காகிதத்தில் வைத்து நகத்தால் நசுக்கினேன், சிவப்பாக ஒரு பொட்டு. என் பாம்பின் இரத்தம். தாடைக்கு அடியில் உள்ள மடிப்பில் மூன்று, கண்ணின் ஓரச் செதிலில் ஒன்று. முதுகில் திருநீறு சிந்தியதுபோல வெள்ளைப் பொடி.

கடைக்காரரிடம் கேட்டேன். "அது வெறும் கூத்து" என்றார் மலாயில். பேனுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. எனக்கும் கூத்தாகத்தான் முடிந்திருக்கிறது: இப்போது நான்கு பெட்டிகளில் இருக்கிறது.

தோட்டத்தில் மருந்தடிக்கும் பக்கத்து வீட்டு மாமா, காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் ஒரு போத்தல் கொண்டுவந்து வைத்திருக்கிறார். "ஒரு அடி, எல்லாம் சுத்தம்" என்கிறார். அடிக்கலாமா? பலகைச் சுவர் வேறு, இடுக்கு இல்லாத இடமே இல்லை.

⸻

பழைய வாத்தியார், தெலுக் இந்தான்

தம்பி, அந்தப் போத்தலை முதலில் மாமாவிடமே திருப்பிக் கொடுங்கள். தென்னை, செம்பனைக் குருத்துக்கு நீர்விட்டுக் கலந்து அடிப்பதற்கான செறிவு அது. மூடிய பெட்டிக்குள் அந்தக் காற்றைத்தான் பாம்பு நாள் முழுவதும் இழுக்கும். செள் சாகும், கூடவே பாம்பும் சாகும். பூனையையும் மறந்துவிடாதீர்கள், அந்த வகை மருந்துகள் பூனைக்கு ஆகவே ஆகாது.

இந்தச் செள்ளின் பெயர் ஒஃபியோனிஸ்ஸஸ் நாட்ரிசிஸ். நீங்கள் பாம்பின்மேல் பார்த்தது சாப்பாட்டுக்கு வந்த கூட்டம் மட்டும். வயிறு நிறைந்ததும் இறங்கி, மேல்நோக்கி ஏறி, இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கில் முட்டையிடும். ஒரு பெண் செள் தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வரை இடும். ஆணே இல்லாவிட்டாலும் இடும். அவற்றிலிருந்து ஆண்கள் மட்டும் பொரிக்கும், பிறகு அந்த ஆண்களோடே குடும்பம் நடத்தும். ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் "காயவிடுங்கள், ஈரப்பதம் குறைந்தால் செத்துவிடும்" என்று எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனால் அவர்கள் ஊர்க் குளிர்காலம் வேறு. அதற்குப் பிடித்தது 25 முதல் 30 பாகை வெப்பமும் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரமும். பேராக்கில் அது சாதாரண செவ்வாய்க்கிழமை. நம் வெயிலில் முட்டையிலிருந்து முட்டைவரை இரண்டு வாரம்கூட ஆகாது. ஆகவே வீட்டைக் காயவைக்க நினைக்காதீர்கள், பெட்டியைக் காயவையுங்கள். தேங்காய் நார், மரத்தூள், மரக்கட்டை எல்லாவற்றையும் பையில் கட்டி வெளியேற்றுங்கள். பழைய நாளிதழ் மட்டும் விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். பெட்டியைக் கொதிநீரால் கழுவுங்கள். கொதிநீர் முட்டையையும் விடாது, மருந்து முட்டையை விட்டுவிடும்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். கால்களைச் சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாக்களில் நிறுத்துங்கள். எறும்புக்கு மீன்சட்டி அலமாரியை வைப்பார்களே, அப்படி.

⸻

வேப்பெண்ணெய், பாரிட் புந்தார்

எங்கள் பாட்டி கோழிச்செள்ளுக்கு வேப்பெண்ணெய்தான் தடவுவார். பாம்புக்கும் தடவலாமே? நஞ்சில்லாத வழி இருக்கும்போது மருந்து எதற்கு?

⸻

தைப்பிங் அக்கா

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எண்ணெய் தடவினால் உடம்பில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும், வேப்பெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ எதுவானாலும். சுவரில் உள்ளவை சாகாது. எண்ணெய் வழியும் பாம்பைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்த அறையில் ஆமை ஏதாவது உண்டா? ஐவர்மெக்டின் என்ற மருந்தைப் பலர் சொல்வார்கள். பாம்புக்கு அளவறிந்து கொடுக்கலாம். ஆமைக்கு அது வாதம், பிறகு மரணம். கையைக் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள்.

நாங்கள் பெரும்பாலும் நாய்க்கான ஃபிப்ரோனில் 0.25 விழுக்காடு தெளிப்பானைத்தான் சொல்வோம். பாம்பின்மேல் நேராக அடிக்கக் கூடாது. துணியில் நனைத்து உடம்பைத் துடையுங்கள். கண்ணும் வாயும் வேண்டாம். மருந்தில் உள்ள சாராய வாடை போகும்வரை காற்றாட விட்டு, அதன் பிறகே பெட்டிக்குள். மெலிந்ததை, குட்டியைத் துடைப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயின் உட்புறம் வழக்கத்தைவிட வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள், உடனே கொண்டுவாருங்கள். ஏரோமோனாஸ் என்ற கிருமியையும் இந்தச் செள் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்.

⸻

லோரிப் பட்டறைக்காரன்

அக்கா, நீங்கள் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது. கலாசாலையில் படிக்கும் அக்காள் மகனின் சிவப்புக் காது ஆமை அதே அறையில்தான் இருந்தது. இன்று காலையே பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஐவர்மெக்டின் பக்கம் போகவில்லை.

வேப்பெண்ணெய் நண்பர் கோபிக்க வேண்டாம், நேற்றிரவு அம்மா ஒரு பாம்புக்குத் தடவிப் பார்த்துவிட்டார். தரை, கதவுப் பிடி, பூனை எல்லாம் வேப்பெண்ணெய்.

⸻

லோரிப் பட்டறைக்காரன்

நாற்பத்து மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். நடுவில் விசாரித்தவர்களுக்கு நன்றி.

வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், ஆறு முறை செய்தேன். பதினொரு பெட்டிக்கும் கொதிநீர், பதினொரு பாம்புக்கும் துணி. நான்கில்தானே இருக்கிறது என்று முதல் வாரம் மற்ற ஏழு பெட்டிகளை விட்டுவிட்டேன். அதனால்தான் ஆறு வாரம் ஆயிற்று என்பது என் கணக்கு. பலகை இடுக்குகளுக்கு மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. அலமாரி விளிம்பில் இருபக்கமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி, தினமும் ஒட்டியவற்றை எண்ணிச் சுவர் நாட்காட்டியில் குறித்தேன். முதல் வாரம் ஒரே நாளில் 61. இரண்டாம் வாரம் 9 ஆகக் குறைந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் மறுபடி 34. வாத்தியார் ஐயா சொன்ன இரண்டு வாரக் கணக்கு அப்போதுதான் உறைத்தது: முட்டைகள் பொரித்திருந்தன. நான்காம் வாரத்தில் 2. கடைசிப் பதினாறு நாளும் சுழி.

ஒன்றை இழந்தேன். கார்ன் ஸ்னேக்கில் சின்னது. முன்பே மெலிந்திருந்தது, மருத்துவரிடம் கொண்டுபோக நான்தான் இரண்டு நாள் தாமதித்தேன். ஈப்போ பெண் நன்றாக இருக்கிறாள். ஐந்தாம் வாரத்தில் தோலை ஒரே துண்டாக உரித்தாள், கண்மூடிச் செதில்கூட விடுபடாமல். அதை விளக்கில் பிடித்து ஒவ்வொரு செதிலாகப் பார்த்தேன்.

⸻

பழைய வாத்தியார், தெலுக் இந்தான்

நாடாவைக் கழற்றிவிடாதீர்கள் தம்பி. வயிறு காய்ந்த குஞ்சுகூட ஒரு மாதம் காத்திருக்கும்.

⸻

லோரிப் பட்டறைக்காரன்

கழற்றவில்லை ஐயா. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனி அறை இல்லை என்று முதலில் புலம்பினேன் அல்லவா? பட்டறையில் பழைய டயர் அடுக்கும் சிறு அறை இருக்கிறது, சிமெண்டுச் சுவர், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இத்தனை நாளும் அது கண்ணில் படவே இல்லை. டயர்களை வெளியே அடுக்கிவிட்டேன். அடுத்த பாம்பு வந்தால் மூன்று மாதம் அங்கே. அங்கே போவது கடைசி வேலை. பிறகு குளித்துவிட்டுத்தான் வீட்டுப் பாம்புகளைத் தொடுவது.