ஒஸ்லோவில் குளிர்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போக: ரயர், பிரேக், ரோடு

கேள்வி

அண்ணாமார், அக்காமார், வணக்கம். ஆகஸ்டில்தான் ஒஸ்லோவுக்கு வந்தேன். வீடு குரூருதாலன் பக்கம், வேலை நகர நடுவில். இப்போது சைக்கிளில் போய் வருகிறேன். பனி தொடங்கினதும் விட்டுவிட வேண்டுமா? ஓடலாம் என்றால் என்ன வாங்க வேண்டும், எப்போது வாங்க வேண்டும்?

மறுமொழி 1

விடத் தேவையில்லை. ஆனால் ஆணி ரயர் (ஐஸைப் பிடிக்கச் சின்ன உலோக ஆணிகள் பதித்த ரயர்) இல்லாமல் ஓட வேண்டாம். கடையில் "பிக்தெக்" என்று கேளுங்கள். ஒக்டோபர் நடுவிலேயே பூட்டிவிடுங்கள்.

"பனி விழட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருப்பதுதான் புதிதாக வருகிற எல்லாரும் விடுகிற பிழை. பனி கண்ணுக்குத் தெரியும், ஆள் தானாகவே மெதுவாகிவிடுவார். ஆட்களை விழுத்துவது பனிக்கு முதலே வருகிற கறுப்பு ஐஸ். பின்னேரம் மழை பெய்து இரவு வானம் வெளித்தால், விடிய ரோட்டில் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும். பார்த்தால் ஈரத் தார் மாதிரித்தான் தெரியும். யர் என்கிற வானிலைச் செயலி பிளஸ் 2 பாகை என்று காட்டுவதை நம்ப வேண்டாம். அது நிலத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் உள்ள காற்றின் அளவு. தெளிந்த இரவில் தார் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். பாலங்களுக்குக் கீழேயும் குளிர்காற்று என்பதால் அவை முதலில் உறையும். மைனஸ் 15இல் ஐஸ் கூட ஓரளவுக்குப் பிடிக்கும். பூச்சியத்தை ஒட்டின நாட்களில்தான் அதன் மேல் தண்ணீர்ப் படலம் நின்று படுமோசமாகச் சறுக்கும். அந்த நாட்களைக் கவனியுங்கள்.

ரயர் வாங்க முதல், இப்போதுள்ள ரயரின் பக்கச் சுவரில் 37-622 மாதிரி ஒரு எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது அகலம் மில்லிமீற்றரில், இரண்டாவது ரிம்மின் அளவு. 622 என்றால் 28 அங்குலம், 584 என்றால் 27.5, 559 என்றால் 26. இரண்டாவது எண் கட்டாயம் பொருந்த வேண்டும். அகலம் கொஞ்சம் கூடலாம். ஆனால் ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதோடு மட்காட்டுக்குள் பனி அடையும். ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளியாவது வேண்டும்.

ஆணியின் முனை டங்ஸ்டன் கார்பைடா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான ரயர்களில் வெறும் இரும்பு ஆணி இருக்கும். ஒஸ்லோவில் வழியின் பாதி ஐஸ் இல்லாத தார், அதில் இரும்பு ஆணி விரைவாகத் தேய்ந்துவிடும். உப்புப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கும் பாதைதான் பெரும்பாலும் என்றால் இரண்டு வரிசை ஆணி போதும். சுவோமி டபிள்யூ106 அப்படியானது, 106 ஆணி. காலையில் யாரும் பனி தள்ளாத உள்வீதிகளால் போக வேண்டும் என்றால் நாலு வரிசை எடுங்கள். டபிள்யூ240, ஷ்வால்பே மாரத்தன் வின்டர் பிளஸ் இரண்டும் நல்லவை. பாரமாக உருளும், வெறும் தாரில் கரகரவென்று சத்தம் போடும். அதற்காக யோசிக்க வேண்டாம்.

காசு ஒரு ரயருக்குத்தான் காணும் என்றால் முன்சில்லுக்குப் போடுங்கள். பின்சில்லு சறுக்கினால் உடம்பை நிமிர்த்தி மீளலாம். முன்சில்லு சறுக்கினால் யோசிக்கிற நேரத்துக்குள் நிலத்தில் கிடப்பீர்கள்.

பூட்டும்போது சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடித்தால் கடைசித் துண்டு இலகுவாக உள்ளே போகும். தடித்த கையுறை போடுங்கள், ஆணி தோலைக் கிழிக்கும். முதல் 40 கிலோமீற்றரைத் தாரில், இறுக்கிப் பிரேக் பிடிக்காமல், பாய்ந்து எடுக்காமல் ஓடுங்கள். அப்போதுதான் ஆணிகள் றப்பருக்குள் நன்றாக அமரும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். ஒக்டோபர் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று: 40 மில்லிமீற்றர் ரயர், 75 கிலோ ஆள் என்றால் வெறும் தாருக்கு 3 பார் (பம்பில் காட்டும் அழுத்த அளவு), ஐஸ் நாளுக்கு 2 முதல் 2.5. காற்றுக் கூடினால் ரயர் உருண்டையாக நிற்கும், பக்கத்து வரிசை ஆணிகள் நிலத்தைத் தொடாது. ரயரில் எழுதியிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். 20 பாகை வீட்டுக்குள் 3 பார் அடித்துவிட்டு மைனஸ் 10க்கு வெளிக்கிட்டால் அது தானாகவே 2.6 ஆகிவிடும். கணக்குப் பார்த்து அடியுங்கள்.

மறுமொழி 2

ரயர் பற்றி மேலே அண்ணா சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்க வேண்டும்: சைக்கிளுக்கு ஆணி இருக்கிறது, உங்கள் சப்பாத்துக்கு இல்லை. சிக்னலில் நின்று காலை ஊன்றுகிற நேரம்தான் ஆட்கள் விழுகிறார்கள். சீற்றை 1 அல்லது 2 சென்ரிமீற்றர் இறக்கிவிடுங்கள், பாதம் முழுதாக நிலத்தில் பட வேண்டும். நிற்க முதல் எந்தக் கால் எங்கே ஊன்றப் போகிறது என்று பாருங்கள். கற்குறுணி தூவிய இடமோ இறுகிய பனியோ நல்லது, மினுங்குகிற இடம் கூடாது.

ஓடும் விதம்: வளைவுக்கு முதலே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கும் வேண்டாம், சைக்கிளைச் சரிக்கவும் வேண்டாம். ஐஸில் பின்பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் சைக்கிளின் ஒவ்வொரு ஆட்டமும் பெரிதாகும், தளர்வாகப் பிடியுங்கள். உருகி மறுபடி உறைந்த சில்லுத் தடங்கள்தான் ஆணி ரயருக்கும் ஆகாதவை. தடத்துக்குள் விழுந்தால் அதிலேயே மெதுவாகப் போய், அது மறைகிற இடத்தில் வெளியே வாருங்கள். சரிவாக ஏறி வெளியே வரப் பார்த்தால் முன்சில்லு தடத்தின் விளிம்பில் உரசி விழுத்தும். ஸ்தோர்காட்டா மாதிரி டிராம் தண்டவாளம் ஓடுகிற வீதிகளில் தண்டவாளத்தைக் குறுக்காக, செங்கோணத்துக்குக் கிட்டக் கடக்க வேண்டும். புதுப்பனி மூடியிருந்தால் தண்டவாளம் எங்கே என்றே தெரியாது. அந்த இடத்தில் இறங்கி உருட்டுவது வெட்கமில்லை. புழுதி மாதிரித் தளர்ந்த பனி ஆழமாகக் கிடந்தால் ஆணி உதவாது. அகன்ற ரயரும் குறைந்த காற்றும்தான் உதவும்.

உங்கள் வழி குரூருதாலன் பள்ளத்தாக்கிலிருந்து நகரத்துக்கு என்பதால் இதையும் சொல்கிறேன். அமைதியான இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். மேட்டில் ஈரமாக இருக்கும் ரோடு அடியில் ஐஸாக இருக்கும். நகரசபை சில முக்கிய சைக்கிள் பாதைகளைச் சுழலும் தூரிகையால் கூட்டி உப்புத் தண்ணீர் தெளித்து வெறும் தாராக வைத்திருக்கிறது. இரண்டு கிலோமீற்றர் சுற்றென்றாலும் அதையே எடுங்கள்.

சட்டம்: இருட்டில் முன்னுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் லைற், பின்னுக்குச் சிவப்பு, இரண்டும் 300 மீற்றரில் தெரிய வேண்டும். சிமிட்டுகிற லைற் என்றால் நிமிடத்துக்குக் குறைந்தது 120 தடவை. பின்னுக்குச் சிவப்பு றிஃப்ளெக்ஸ் (வெளிச்சம் பட்டால் மினுங்கும் தட்டு), பெடலில் வெள்ளை அல்லது மஞ்சள் றிஃப்ளெக்ஸ், மணி, தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு பிரேக். டிசம்பர் 21இல் சூரியன் 9 மணிக்குப் பிறகு உதித்து 3 மணி தாண்டினதும் மறைந்துவிடும், போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ஆட்கள் குறைவாக உள்ள நடைபாதையில் சைக்கிள் ஓட இங்கே அனுமதி உண்டு, ஆனால் ஆட்களைக் கடக்கும்போது நடக்கிற வேகம்தான். பாதசாரிக் கடவையில் ஏறி ஓடினால் கார் உங்களுக்கு விட்டுத்தர வேண்டிய கடமை இல்லை. இறங்கி உருட்டினால் நீங்கள் பாதசாரி.

மறுமொழி 3

சைக்கிளைப் பழுதாக்குவது குளிர் இல்லை, உப்பு. நல்ல சைக்கிளைக் கீழறையில் வைத்துவிட்டு ஃபின் என்கிற விளம்பர இணையத் தளத்தில் பழைய சைக்கிள் ஒன்று எடுங்கள். பின்சில்லின் நடுவுக்குள் கியர் அடங்கியதும், காலால் பின்னுக்கு மிதித்தால் பிரேக் பிடிக்கிறதும் இந்தக் காலத்துக்கு நல்லது, உப்புப் படுகிற உறுப்புகள் குறைவு. ரிம் பிரேக் என்றால் முதல் ஒன்றிரண்டு சுற்று பிடிக்கவே பிடிக்காது, ரிம்மில் படிந்த ஐஸ் துடைபட்ட பிறகுதான் பிடிக்கும். அதனால் ஓடும்போது இடைக்கிடை மெதுவாகத் தொட்டுவிடுங்கள்.

கிழமைக்கு ஒருக்கால் செயினைத் துணியால் துடைத்து ஈரக்காலத்து எண்ணெய் போடுங்கள். டிஸ்க் பிரேக்கின் தட்டில் ஒரு துளிகூடப் படக்கூடாது. சூடான இடத்தில் கழுவி, முழுதாகக் காய முதல் வெளியே கொண்டுபோனால் கேபிளுக்குள் போன தண்ணீர் உறைந்து கியரும் பிரேக்கும் இறுகிவிடும். பெடலை மிதிக்க அது சும்மா சுற்றினால் பயப்பட வேண்டாம். பின்சில்லுக்குள் இருக்கிற பற்கள் கிறீசோடு உறைந்துவிட்டன என்று அர்த்தம். உள்ளே வைத்துச் சூடாக்கினால் சரி, பிறகு மெல்லிய எண்ணெய் போடக் கொடுங்கள். பூட்டுக்குச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம், அது உள்ளேயே மறுபடி உறையும். ஐஸ் இளக்கும் திரவத்தின் சின்னப் போத்தல் ஒன்றைக் கோட்டுப் பைக்குள் வைத்திருங்கள்.

உடுப்பு: முதல் ஐந்து நிமிடம் குளிர வேண்டும். வெளிக்கிடும்போதே சூடாக இருந்தால் பாதி வழியில் வியர்த்து, பிறகு அந்த வியர்வையே குளிரும். உடம்போடு மெல்லிய கம்பளி, மேலே காற்று புகாத யக்கெற். பருத்திப் பெனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. கைக்கு விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருப்பதுதான் சூடு, ஆனால் பிரேக் பிடிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஹெல்மெற்றுக்குள் மெல்லிய தொப்பி போட்டால் வாரைக் கொஞ்சம் தளர்த்த வேண்டி வரும்.

கேள்வி

நன்றி. மின்சார சைக்கிள் என்றால் ஏதாவது வித்தியாசம்?

மறுமொழி 1

பற்றரியை இரவில் வீட்டுக்குள் வைத்து, வெளிக்கிடும்போது மாட்டுங்கள். வெளியே இருந்து கொண்டுவந்த உடனே சார்ஜ் போட வேண்டாம், அறைச் சூட்டுக்கு வரட்டும். பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து பற்றரி நிரந்தரமாகக் கெடும். குளிரில் தூரமும் குறையும். மோட்டார் முன்சில்லில் இருந்தால் ஐஸில் உதவியை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள், அது இழுக்கிற இழுப்பில் முன்சில்லு சுழன்று சறுக்கும்.

ஆணி ரயரை ஏப்ரல் நடுவரைக்கும் கழற்ற வேண்டாம், பகலில் உருகின தண்ணீர் விடிய உறையும். அந்த மாதம் வளைவுகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டின கற்குறுணி குவிந்து கிடக்கும், காய்ந்த ரோடு என்று வேகமாகத் திருப்பாதீர்கள். கழற்றும்போது எந்தப் பக்கம் ஆணி தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, முன், பின் என்று ரயரில் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.