புதுப்பிப்பு: அழகர் வீடியோக்கள் மொத்தமும் வந்துவிட்டன

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மதுரை சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளம் எதிர்சேவை, அழகர் வைகையில் இறங்குவது என்று வருடாவருடம் எடுத்த வீடியோக்கள் யூடியூபில் மட்டும்தான் இருக்கின்றன, ஒரிஜினலை மொத்தமாக எடுக்க முடியுமா என்று. முடிகிறது.

யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொன்றாக இறக்கினால் அதிகபட்சம் 720பி தரம்தான். அதனால் நம் கூகுள் கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் யூடியூபை மட்டும், அதற்குள்ளும் வீடியோக்களை மட்டும் டிக் செய்தேன். கோப்பு அளவை 2 ஜிபியிலிருந்து 50க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் துண்டு துண்டாக வரும். இறக்குவதற்கு வரும் லிங்க் ஏழு நாள்தான் செல்லும்.

அப்புறம் ஒரு கூத்து. கோப்பை வேறொரு பழைய டிஸ்க்கில் இறக்கினேன்; அது ஃபேட்32 ஃபார்மட், ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது; 4 ஜிபி வந்ததும் நின்றுவிட்டது. என் தப்புதான். அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்டாக மாற்றி, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன்.

காலையில் திறந்தால், அழகர் மீது பக்தர்கள் தண்ணீர் பீய்ச்சும் தோல்பையின் தையல்கூடத் தெரிகிறது.