கேபின் பேக்ல பவர் பேங்க், ஷாம்பு விடுவாங்களா?

கேள்வி: செக்-இன் லக்கேஜ் இல்லாம கேபின் பேக் மட்டும் எடுத்துட்டு போறேங்க. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், அப்புறம் 200 மில்லி ஷாம்பு பாட்டில், அதுல கால்வாசி தான் இருக்கு, விடுவாங்களா?

பதில் 1: பவர் பேங்க் பிரச்சனை இல்லைங்க. உள்ள இருக்க பேட்டரியோட 3.7 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா 74 வாட் அவர் (பேட்டரி சேத்து வைக்கிற சக்தியோட அளவு) தான், பொதுவா 100 வரைக்கும் ஓகே. ஆனா கேட்ல இடமில்லன்னு உங்க பேக்க வாங்கி கீழ லக்கேஜோட போட்டாங்கன்னா பவர் பேங்க மறக்காம கையில எடுத்துக்கோங்க, லித்தியம் பேட்டரி புகைஞ்சா கேபின்ல உடனே கவனிக்க ஆள் இருக்கு, கீழ யாரு இருக்கா?

பதில் 2: ஷாம்பு கஷ்டம். பல ஏர்போர்ட்ல பாட்டில் மேல போட்டிருக்க அளவு தான் கணக்கு, உள்ள எவ்ளோ மிச்சம்னு பாக்க மாட்டாங்க, 100 மில்லி பாட்டில்ல மாத்திருங்க. மூடிய நல்லா இறுக்கி மூடுங்க, மேல போனதும் பாட்டில் உள்ள இருக்க காத்து விரிஞ்சு கசியலாம்.

பதில் 3: கனமான ஷூவ கால்லயே போட்டுட்டு போங்க, பேக்ல பாதி இடம் மிச்சம்.